ஃப்ளூரினுக்கு ஈடான ஆக்சிஜனை எங்கே கழிப்பது: மைக்ரோபுரோப் தரவில் ஒரு கணக்குச் சிக்கல்

பதிவு 1: பாறைத்தடம்

அவையில் உள்ள மூத்தவர்களுக்கு வணக்கம். திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூர் கார்பனடைட் பாறையில் (கார்பனேட் கனிமங்கள் மிகுந்த தீப்பாறை) காணப்படும் அபடைட் (கால்சியம் பாஸ்பேட்), ஃப்ளோகோபைட் (மக்னீசியம் மிகுந்த மைக்கா) ஆகிய இரு கனிமங்களை முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பகுத்துப் பார்த்து வருகிறேன். எங்கள் துறையில் எலெக்ட்ரான் மைக்ரோபுரோப் (எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, எழும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு தனிமங்களை அளக்கும் கருவி) இல்லாததால், மெருகேற்றிய பாறைச்சீவல்களை வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பித் தரவை விரிதாளாகப் பெற்றேன். கால்சியம், பாஸ்பரஸ் முதலியவை ஆக்சைடுகளாகவும், ஃப்ளூரினும் குளோரினும் தனிமங்களாகவும் அதில் தரப்பட்டுள்ளன. ஆக்சிஜன் அளக்கப்படவில்லை.

நூறாக இருக்க வேண்டிய எடை விழுக்காட்டு மொத்தம், அபடைட் புள்ளிகளில் 101 முதல் 102.5 வரை வந்தது. ஆய்வகத்தாரிடம் கேட்டதற்கு, ஃப்ளூரினுக்குரிய ஆக்சிஜனைக் கழித்துக்கொள்ளுமாறு ஒரே வரியில் மறுமொழி வந்தது. அப்படியே கழித்தேன், மொத்தம் நூறை நெருங்கியது. ஆனால் கழித்த பிறகு எஞ்சிய ஆக்சிஜனை 25 அணு என்று வைத்து வாய்பாட்டை (தனிமம் ஒவ்வொன்றும் எத்தனை அணு என்பதை) கணக்கிட்டால், 10 ஆக இருக்க வேண்டிய கால்சியம் 10.4 ஆகவும், 6 ஆக இருக்க வேண்டிய பாஸ்பரஸ் 6.2 ஆகவும் வருகின்றன. கழிக்காமல் கணக்கிட்டால் வாய்பாடு சரியாக வருகிறது, மொத்தம்தான் சரியாக இல்லை. ஃப்ளோகோபைட்டிலும் இதே கதை. இரண்டில் எது சரி, அல்லது இரண்டுமே தவறா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதிவு 2: துருவிக்காரர்

தம்பி, நீங்கள் கண்ட இரண்டு முடிவுகளுமே எதிர்பார்க்க வேண்டியவைதாம். ஒரே கழித்தலை இரண்டு இடங்களில் செய்ததுதான் சிக்கல். அதற்குமுன், கழித்தல் எதற்காக என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

நம்மில் பெரும்பாலோர் ஆக்சிஜனை அளப்பதில்லை. அதன் கதிர் மிகவும் மெலிந்த ஆற்றல் கொண்டது. மாதிரிக்குள்ளேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். மேலே பூசிய கார்பன் படலம்கூட அதைப் பாதிக்கும். ஆகவே ஒவ்வொரு நேர்மின் அயனியையும் அளந்து, அதன் மின்னூட்டத்துக்கு ஈடான ஆக்சிஜன் உடனிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். கால்சியத்துக்கு ஒன்று, சிலிக்கானுக்கு இரண்டு, பாஸ்பரசுக்கு இரண்டரை. பாறைகளைக் கரைத்து, வீழ்படிவாக்கி, சுட்டு ஆக்சைடாக எடைபோட்ட காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. அந்தக் காலத்துப் பகுப்பாய்வு அட்டவணைகளிலும் அடியில் 'ஃப்ளூரினுக்கு ஈடான ஆக்சிஜன்' என்று ஒரு கழித்தல் வரி இருக்கும். மைக்ரோபுரோப் அதை மரபாகப் பெற்றுக்கொண்டது.

அரிசி வணிகர் ஒருவர் மூட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சணல் சாக்கின் எடையைக் கணக்கில் ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மூட்டைகள் சணலில் வராமல் பிளாஸ்டிக் பையில் வந்தன. அந்தப் பைகளைத் தராசில் நிறுத்து அந்த எடையையும் சேர்த்தார். இப்போது அந்த மூட்டைகளுக்கு, இல்லாத சாக்கும் இருக்கும் பையும் ஆக இரண்டு எடைகள் ஏறிவிட்டன. கற்பனைச் சாக்கை இறக்கினால்தான் கணக்கு நேராகும்.

ஃப்ளூரின் ஒற்றை எதிர்மின்னூட்டம் கொண்டது, ஆக்சிஜன் இரட்டை. எனவே இரண்டு ஃப்ளூரின் இருக்கும் இடத்தில் ஓர் ஆக்சிஜனைத் தவறுதலாகச் சேர்த்திருக்கிறோம். 15.999-ஐ 18.998-இன் இருமடங்கால் வகுத்தால் 0.4211, ஃப்ளூரினின் எடை விழுக்காட்டை இதனால் பெருக்கிக் கழிக்க வேண்டும். குளோரினுக்கு இதே முறையில் 0.2256. புரோமினுக்கு 0.1001, அயோடினுக்கு 0.0630, நம் கனிமங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் கணக்கில் வராத அளவே இருக்கும்.

ஃப்ளோரைட்டைப் பாருங்கள். கால்சியம் 51.33, ஃப்ளூரின் 48.67, அவ்வளவுதான், ஆக்சிஜன் துளியும் கிடையாது. கால்சியத்தை ஆக்சைடாக எழுதினால் 71.82 ஆகிவிடும், மொத்தம் 120.49. கழிக்க வேண்டியது 20.49. ஒரு பக்கம் ஆக்சைடாக எழுதி மறுபக்கம் ஃப்ளூரினையும் எழுதியதால் முளைத்த பொய் ஆக்சிஜன் முழுவதும் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. தூய ஃப்ளூர் அபடைட்டில் கால்சியம் ஆக்சைடு 55.60, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 42.22, ஃப்ளூரின் 3.77, கூட்டினால் 101.59, கழிக்க வேண்டியது 1.59. உங்கள் 101 என்ற மொத்தத்துக்கு இதுவே காரணம். 102.5-க்கு இது மட்டும் போதாது, அதைப் பிறகு பார்ப்போம்.

பதிவு 3: வேதிக்கணக்கு

நான் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவன், கருவியைத் தொட்டவன் அல்லன். இருந்தாலும் ஓர் ஐயம். துருவிக்காரர் ஐயா சொல்வதைப் பார்த்தால் இது வெறும் அலங்காரக் கணக்காகத் தோன்றுகிறது. அளந்த கால்சியமும் அளந்த ஃப்ளூரினும் மாறப்போவதில்லை. அட்டவணையின் கடைசி வரி மட்டுமே மாறுகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் மாற்றி நூறுக்கு இயல்பாக்கிவிட்டுப் போகலாமே? இந்தக் கழித்தலுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்?

பதிவு 4: சமன்பாடு

அலங்காரக் கணக்கு என்பதை நான் மறுக்கிறேன். நூறுக்கு இயல்பாக்குவதைவிடப் பெரிய தீங்கு இந்தத் துறையில் இல்லை என்றுகூடச் சொல்வேன். மொத்தம் நூறிலிருந்து விலகி நிற்பது ஒன்றே, அளவீட்டில் எங்கோ பிழை இருக்கிறது என்று நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. அதை நாமே அழித்துவிடக் கூடாது.

இன்னும் முக்கியமானது, 'அளந்த ஃப்ளூரின் மாறப்போவதில்லை' என்ற கூற்று. உண்மையில் மாறும். மைக்ரோபுரோப் எடை விழுக்காட்டை அளப்பதில்லை. மாதிரியில் எண்ணிய கதிர்களுக்கும், இயைபு முன்பே தெரிந்த தரமாதிரியில் எண்ணிய கதிர்களுக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறது. மாதிரிக்குள் எவ்வளவு கதிர் பிறக்கிறது, வெளியேறும் வழியில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை அதன் முழு இயைபையும் வைத்துக் கணக்கிடும் மேட்ரிக்ஸ் திருத்தமே அந்த விகிதத்தை எடை விழுக்காடாக மாற்றுகிறது. அந்த இயைபில் அளக்காத ஆக்சிஜனும் அடக்கம். ஆகவே பொய் ஆக்சிஜன் அட்டவணையின் அடியில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. திருத்தக் கணக்கின் உள்ளேயும் புகுந்திருக்கிறது.

ஃப்ளூரினின் கே-ஆல்ஃபா கதிர் 0.677 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உடையது. ஆக்சிஜனின் கே உறிஞ்சு விளிம்பு (அதைத் தாண்டிய ஆற்றலுடைய கதிர்களை வலுவாக உறிஞ்சத் தொடங்கும் எல்லை) அதற்குச் சற்றே கீழே இருப்பதால், ஆக்சிஜன் இக்கதிரை வெகுவாக விழுங்கும். ஃப்ளூரினின் சொந்த விளிம்போ கதிருக்குச் சற்று மேலே இருப்பதால் ஃப்ளூரின் தன் கதிரைத் தானே அவ்வளவாக விழுங்குவதில்லை. எனவே ஃப்ளூரின் இருக்கும் இடத்தில் கூடுதலாக ஆக்சிஜனும் இருப்பதாக மென்பொருள் நம்பினால், கதிர் உண்மையைவிட அதிகம் உறிஞ்சப்பட்டதாகக் கருதி, அதை ஈடுசெய்ய ஃப்ளூரினைக் கூட்டிக் காட்டும். அலுமினியம், சிலிக்கான் போன்றவற்றின் கதிர்கள் ஆற்றல் மிக்கவை. அவற்றின் மேல் விளைவு சிறிதே.

எவ்வளவு பெரிய தவறு என்பது கனிமத்தைப் பொறுத்தது. டோபாசில் (ஃப்ளூரின் கொண்ட அலுமினியம் சிலிக்கேட்) உண்மையான ஆக்சிஜன் நான்கு அணு. கழிக்காவிட்டால் ஐந்து, அதாவது 25 விழுக்காடு மிகை. அபடைட்டில் உண்மை 38.07 எடை விழுக்காடு, கழிக்காவிட்டால் 39.66. அபடைட்டில் பொறுத்துக்கொள்ளலாம், டோபாசிலும் ஃப்ளூரின் மிகுந்த மைக்காவிலும் பொறுத்துக்கொள்ள முடியாது. மேட்ரிக்ஸ் திருத்தம் பல சுற்றுகளாக நடப்பது; ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் ஃப்ளூரினுக்கு ஈடான ஆக்சிஜனைக் கழித்துவிட்டு அடுத்த சுற்றைக் கணக்கிடச் செய்வதே சரியான முறை. இதற்கென்று தனித் தெரிவு உள்ள மென்பொருள்கள் உண்டு. தானாகவே இயங்கும் என்று எண்ணிக்கொண்டு எவரும் அதைத் தொடாமல் விட்டுவிடுவதும் உண்டு. தரவு விரிதாளாகக் கைக்கு வந்த பின் இந்தப் பிழையை முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. மூலக் கதிர் விகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

தரமாதிரியையும் மறந்துவிடாதீர்கள். நான் ஒரு முறை சென்றிருந்த ஆய்வகத்தில், டோபாஸ் தரமாதிரியின் இயைபைக் கணினியில் திறந்து பார்த்தேன். அலுமினா 55.40, சிலிக்கா 32.65, ஃப்ளூரின் 20.65, மொத்தம் 108.69 என்று திரையில் நின்றது. யாரோ பல ஆண்டுகளுக்கு முன் ஆக்சைடுகளாகத் தட்டச்சு செய்து, 8.69-ஐக் கழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தத் தரமாதிரியை வைத்து அளந்த ஃப்ளூரின் ஒவ்வொன்றும் பிழையோடுதான் வெளியே போயிருக்கும்.

பதிவு 5: வேதிக்கணக்கு

மேட்ரிக்ஸ் திருத்தத்துக்குள் இது நுழையும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அலங்காரக் கணக்கு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பாறைத்தடம் கேட்ட கேள்வி இன்னும் அந்தரத்தில் நிற்கிறது: மொத்தத்தில் கழிக்க வேண்டும், மேட்ரிக்ஸ் திருத்தத்தில் கழிக்க வேண்டும் என்றால், வாய்பாட்டில் மட்டும் கழித்தால் ஏன் கெடுகிறது?

பதிவு 6: துருவிக்காரர்

ஏனென்றால் 25 என்ற அந்த எண்ணுக்குள் கழித்தல் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

அபடைட்டின் வாய்பாட்டில் கால்சியம் 10, பாஸ்பேட் 6, ஃப்ளூரின் 2. உண்மையான ஆக்சிஜன் 24 தான். பிறகு 25 எங்கிருந்து வந்தது? பத்துக் கால்சியத்துக்கு 20, ஆறு பாஸ்பரசுக்கு 30, ஆக 50 நேர்மின்னூட்டம். அதைச் சமன்செய்ய எல்லாமே ஆக்சிஜனாக இருந்தால் 25 வேண்டும். ஆக, 25 என்பது எத்தனை ஆக்சிஜன் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை, நேர்மின்னூட்டத்தின் பாதியைச் சொல்கிறது. அதனால்தான் ஆக்சைடுகளிலிருந்து வந்த ஆக்சிஜனை முழுதாக, எதையும் கழிக்காமல், 25-க்கு இயல்பாக்க வேண்டும். அங்கே எதிர்மின் பக்கம் ஃப்ளூரினா, குளோரினா, ஹைட்ராக்சிலா என்ற கேள்வியே எழாது. மூன்றுக்கும் மின்னூட்டம் ஒன்றுதான். நீங்கள் ஒன்றைக் கழித்து 24 ஆக்கிவிட்டு, அந்த 24-ஐ மறுபடி 25 என்று நீட்டினீர்கள். எல்லா நேர்மின் அயனிகளும் 25-க்கு 24 என்ற விகிதத்தில் உப்பிவிட்டன. 10-ஐ 25 ஆல் பெருக்கி 24 ஆல் வகுத்தால் 10.42, 6-ஐ அவ்வாறு செய்தால் 6.25. உங்கள் பிழை இதுதான்.

மைக்காவுக்கு வருவோம். தூய ஃப்ளூர் ஃப்ளோகோபைட்டில் சிலிக்கா 42.79, மக்னீசியா 28.70, அலுமினா 12.10, பொட்டாசியம் ஆக்சைடு 11.18, ஃப்ளூரின் 9.02, கூட்டினால் 103.79. கழிக்க வேண்டியது 3.80. மொத்தம் நூறுக்கு வந்துவிடும். வாய்பாட்டில் சிலிக்கான் 3, மக்னீசியம் 3, அலுமினியம் 1, பொட்டாசியம் 1. ஆக்சைடு ஆக்சிஜன் 6, 3, 1.5, 0.5 என்று கூட்டினால் 11. இதில் ஒன்றைக் கழித்துவிட்டு 11-க்கு நீட்டினால் சிலிக்கான் 3.30, பொட்டாசியம் 1.10 ஆகும். அடுக்குகளுக்கு நடுவே ஓர் இடம்தான் உண்டு, அதில் 1.10 பொட்டாசியம் உட்கார முடியாது. சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து 4.40 ஆகின்றன, நான்முகி இடங்களோ நான்கு மட்டுமே.

முழு ஃப்ளூரின் மைக்காவில் இப்படிப் பிழை தானே கூவும். உங்கள் மைக்காவில் பாதி ஃப்ளூரின், பாதி ஹைட்ராக்சில் என்றால் பொட்டாசியம் 1.05 அளவில் நிற்கும். அதைப் பார்க்கிறவர் 'அளவீட்டுச் சிதறல்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விடுவார், ஆபத்து அங்கேதான். ஆம்ஃபிபோல் என்ற சிலிக்கேட் கனிமத்தில் 23 என்ற எண்ணும் இதே வகைதான்: உண்மையில் 22 ஆக்சிஜன், 2 ஹைட்ராக்சில் அல்லது ஃப்ளூரின்.

பதிவு 7: கல்லோவியம்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழை எனக்கும் பயன்படுகிறது, ஆனால் எங்கள் நிலைமை சற்று வேறு. அநுராதபுர மாவட்டத்தில் 1971-இல் கண்டறியப்பட்ட எப்பாவல பொசுபேற்றுப் படிவின் அப்பற்றைட்டில் புளோரின், குளோரின், ஐதரொட்சில் மூன்றும் கலந்திருக்கின்றன. ஐதரசனை மைக்ரோபுரோப்பால் அளக்க முடியாது என்பது தெரிந்ததே.

எங்களிடம் உள்ள விரிதாள், எதிர்மின் அயன்களின் மொத்தத்தை 26 என்று வைத்துக் கணிக்கிறது. ஒட்சைட்டுகளிலிருந்து கிடைத்த ஒட்சிசனிலிருந்து அலசன்களுக்கு (ஹாலஜன்களான புளோரின், குளோரினுக்கு) ஈடான பங்கைக் கழித்து, பிறகு புளோரின், குளோரின் அணுக்களைக் கூட்டி, அந்தத் தொகையை 26-க்கு இயல்பாக்குகிறது. இரண்டு அலசன்களும் சேர்ந்து அந்த இடத்தை முழுதாக நிரப்பும் மணிகளில் வாய்பாடு நன்றாகவே வருகிறது. ஐதரொட்சில் மிகுதியாக இருக்கலாம் என்று நாங்கள் நினைக்கும் மணிகளில் மட்டும் கல்சியம் சற்றுக் கூடிவருகிறது. துருவிக்காரர் ஐயா சொன்ன இரட்டைக் கழித்தல் இதில் இல்லை அல்லவா? கழித்த பிறகு புளோரினைக் கூட்டிக்கொள்கிறோமே?

பதிவு 8: சமன்பாடு

இரட்டைக் கழித்தல் இல்லை. ஆனால் கழித்ததை முழுதாகத் திருப்பித் தராத குறை இருக்கிறது.

26 என்பது அந்த இடத்தில் இருக்கும் எல்லா அயனிகளையும் தலைக்கு ஒன்றாக எண்ணிய தொகை: 24 ஆக்சிஜன், அதோடு 2 ஃப்ளூரின் அல்லது குளோரின் அல்லது ஹைட்ராக்சில். ஒரு ஃப்ளூரினும் ஒரு ஹைட்ராக்சிலும் உள்ள அபடைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சைடு ஆக்சிஜன் 25. ஃப்ளூரினுக்காக அரை கழித்தால் 24.5, ஒரு ஃப்ளூரினைக் கூட்டினால் 25.5. ஹைட்ராக்சிலின் ஆக்சிஜனில் பாதி, அளக்காத தண்ணீரிலிருந்து வர வேண்டியது. அது உங்கள் விரிதாளில் இல்லை. ஆகவே 25.5-ஐ 26 ஆக நீட்டுகிறீர்கள். எல்லாம் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடிவிடும். முழுவதும் ஹைட்ராக்சிலாக இருந்தால் 25-ஐ 26 ஆக நீட்ட நேரும். அதாவது 4 விழுக்காடு. உங்கள் கால்சியம் ஏறுவதற்குக் காரணம் இந்த அரையணு ஆக்சிஜன்தான். இந்தச் சிக்கலை மட்டுமே எடுத்துக்கொண்டு 2015-இல் 'அமெரிக்கன் மினரலஜிஸ்ட்' இதழில் ஒரு கட்டுரையே வந்திருக்கிறது. ஆகவே நீங்கள் மட்டும் செய்த பிழை என்று எண்ண வேண்டாம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 25-க்கு மாறிவிடுவது. அங்கே தண்ணீர் குறுக்கே வராது. இரண்டாவது, ஹைட்ராக்சிலை 2-இலிருந்து ஃப்ளூரினையும் குளோரினையும் கழித்து ஊகித்து, அதற்குரிய தண்ணீரைப் பகுப்பாய்வில் சேர்த்து, மறுபடி இயல்பாக்கி, எண்கள் நிலைபெறும்வரை சுற்றுவது. மொத்தத்தை நூறாக்க எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் தண்ணீர் என்று எழுதும் பழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். தூய ஹைட்ராக்சில் அபடைட்டிலேயே தண்ணீர் 1.79 விழுக்காடுதான், கால்சியத்தில் ஒரு விழுக்காட்டுப் பிழை நேர்ந்தால் அந்தத் தண்ணீரில் கணிசமான பங்கை அடித்துக்கொண்டு போய்விடும்.

25, 23, 11 என்ற எண்களையும் கண்மூடி நம்ப வேண்டியதில்லை. டைட்டானியம் மிகுந்த சில பயோடைட்டுகளிலும் ஆம்ஃபிபோல்களிலும் ஹைட்ராக்சில் இடத்தில் இரட்டை மின்னூட்ட ஆக்சிஜனே அமர்ந்திருக்கும். அங்கே இந்த எண்கள் பொய்த்துவிடும். லாஜுரைட் போன்றவற்றில் சல்ஃபைடாக உள்ள கந்தகமும் ஆக்சிஜன் இடத்தைப் பிடிக்கும். அங்கே ஒன்றுக்கு ஒன்று என்பதால் கழிக்கும் காரணி 0.499. அது வேறு வழக்கு, இங்கே விரிக்கவில்லை.

பதிவு 9: பாறைத்தடம்

எல்லோருக்கும் நன்றி. 25-க்கு எதையும் கழிக்காமல் இயல்பாக்கிப் பார்த்தேன். பெரும்பாலான மணிகளில் கால்சியமும் பாஸ்பரசும் வந்து அமர்ந்துகொண்டன. மொத்தத்துக்கு மட்டும் தனியே கழித்தேன். ஆனால் சில மணிகள் இன்னும் அடங்க மறுக்கின்றன. அவற்றில் ஃப்ளூரின் 4-ஐத் தாண்டி நிற்கிறது. வாய்பாட்டில் 2-க்கு மேல் போகிறது. கழித்த பின்னும் மொத்தம் 100.5-க்கு மேல். துருவிக்காரர் ஐயா 102.5 பற்றிப் 'பிறகு பார்ப்போம்' என்றது நினைவிருக்கிறது.

பதிவு 10: துருவிக்காரர்

இப்போது கணக்கு முடிந்து கருவிக்கு வந்துவிட்டோம். தூய ஃப்ளூர் அபடைட்டிலேயே ஃப்ளூரின் 3.77 தான். கார்பனேட் கலந்த பாஸ்பரைட் வகைகளில் அதற்கு மேல் போகும். மாக்மாவிலிருந்து படிகமான உங்கள் அபடைட்டில் 4-க்கு மேல் என்றால் முதலில் அளவீட்டைத்தான் ஐயுற வேண்டும். ஒரு விழுக்காடு பொய் ஃப்ளூரின் புகுந்தால், அதற்கும் 0.42 கழித்துவிடுவீர்கள், மீதி 0.58 மொத்தத்தில் ஏறிக்கொள்ளும். கழித்தல் பொய்யையும் மெய்யையும் வேறுபடுத்தாது.

முதல் குற்றவாளி, கற்றை தாக்கும் திசை. அபடைட்டின் கட்டமைப்பில் ஃப்ளூரின் அயனிகள் படிகத்தின் நீளவாக்கிலான சி-அச்சு நெடுகச் செல்லும் வாய்க்கால்களில் வரிசையாக இருக்கின்றன. எலெக்ட்ரான் கற்றை அந்த அச்சுக்கு இணையாக விழுந்தால், அவை வாய்க்கால் வழியே மேற்பரப்பை நோக்கி நகர்ந்து, எண்ணிக்கை முதலில் ஏறி, பிறகு இறங்கும். 1993-இல் 'அமெரிக்கன் மினரலஜிஸ்ட்' இதழில் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கற்றை அச்சுக்குச் செங்குத்தாக விழும்போது இந்த மாற்றம் மிகவும் குறைவு. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கருவிகூட வேண்டாம், சாதாரண துருவமுனைப்பு நுண்ணோக்கி போதும். குறுக்குத் துருவங்களுக்கிடையே சீவலைச் சுழற்றுங்கள். எப்படித் திருப்பினாலும் இருண்டே கிடக்கும் அறுகோண மணிகள் அச்சுக்குக் குறுக்கே வெட்டுண்டவை. அவற்றில்தான் கற்றை அச்சுக்கு இணையாக இறங்கியிருக்கும். நீளவாக்கில் சாம்பல் நிறம் காட்டி, நுண்ணோக்கியின் குறுக்கிழைக்கு இணையாக நிற்கும்போது இருண்டு மறையும் மணிகள் உங்களுக்கு வேண்டியவை.

இரண்டாவது, கதிர்களின் ஒட்டுறவு. ஃப்ளூரின் கே-ஆல்ஃபாவின் அலைநீளம் 18.32 ஆங்ஸ்ட்ராம். பாஸ்பரஸ் கே-ஆல்ஃபா 6.157, அதன் மூன்றாம் வரிசை, அதாவது மும்மடங்கு, 18.47-இல் வந்து பக்கத்தில் நிற்கும். கதிர்களை அலைநீளவாரியாகப் பிரிக்க அடுக்குப்படிகம் (செயற்கை மென்படல அடுக்கு) பயன்படுத்தினால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். துடிப்பு உயரத் தேர்வியைக் குறுக்கி, ஆற்றல் மிகுந்த பாஸ்பரஸ் துடிப்புகளை வெளியே நிறுத்த வேண்டும். உங்கள் மைக்காவில் இரும்பு இருக்கும். இரும்பின் எல்-ஆல்ஃபா 17.59-இல் இருக்கிறது, அகன்ற உச்சமுடைய அடுக்குப்படிகத்தில் அதன் வால் ஃப்ளூரின் மேல் விழும். அதே சீவலில் உள்ள மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) மணியில் ஃப்ளூரினை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேக்னடைட்டில் ஃப்ளூரின் இராது. ஏதேனும் எண் வந்தால் அது இரும்பின் வேலை. சீரியம் மிகுந்த மோனசைட்டை அளக்கப் போகிறீர்கள் என்றால், சீரியத்தின் எம்-வரிசைக் கதிர் ஒன்று ஏறத்தாழ ஃப்ளூரின் மேலேயே அமரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க மெக்சிகோவின் துராங்கோ அபடைட் துண்டு ஒன்றை, அச்சு கிடைமட்டமாகப் பதித்து, உங்கள் மணிகளோடு சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். 1969-இல் வெளியான அதன் பகுப்பாய்வில் ஃப்ளூரின் 3.53, குளோரின் 0.41, கழிக்க வேண்டியது 1.49-உம் 0.09-உம், ஆக 1.58. உங்கள் விரிதாளும் அதே 1.58-ஐத் தர வேண்டும். தராவிட்டால் விரிதாளைப் பாருங்கள், தந்தும் ஃப்ளூரின் 3.53-ஐ விட்டு வெகுதூரம் போயிருந்தால் கருவியைப் பாருங்கள்.

பதிவு 11: பாறைத்தடம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சீவல்களைத் திரும்ப வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஃப்ளூரின் 4-ஐத் தாண்டிய மணிகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் இருண்ட அறுகோணங்கள். அந்த ஒன்றிலும் பகுத்த புள்ளி, விளிம்பில் ஒட்டியிருந்த வேறொரு கனிமத்தின் மேல் பாதி விழுந்திருந்தது. கற்றை எரித்த பழுப்புத் தடம் அங்கே வட்டமாகத் தெரிந்தது. நான் அனுப்பும்போது வட்டமிட்டுக் கொடுத்த மணிகள் அவை என்பதால் குறையை ஆய்வகத்தார் மேல் போட வழியில்லை. அழகான அறுகோணங்களாகப் பார்த்துப் பார்த்து நானேதான் தேர்ந்தெடுத்தேன்.

ஆய்வகத்தார் மூலக் கதிர் விகிதங்களையும் தந்துவிட்டார்கள். மேட்ரிக்ஸ் திருத்தத்தில் ஹாலஜனுக்கான தெரிவு அணைத்தே இருந்திருக்கிறது. அதை இயக்கி மறுபடி கணக்கிட்டபோது அபடைட்டில் ஃப்ளூரின் சிறிதளவே இறங்கியது. ஃப்ளோகோபைட்டில் இறக்கம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. சமன்பாடு சொன்ன வரிசை அப்படியே பொருந்தியது. அடுத்த முறை நீளவாக்கு மணிகள் மட்டும், அகன்ற கற்றை, குறைந்த மின்னோட்டம், எல்லாவற்றுக்கும் முன்னதாக ஃப்ளூரின் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேக்னடைட் சோதனையையும் சேர்த்திருக்கிறேன். துராங்கோ துண்டு அவர்களிடமே இருக்கிறதாம், ஆனால் அது எந்த அச்சில் பதிக்கப்பட்டது என்று எவருக்கும் தெரியவில்லை. குறுக்குத் துருவத்தில் வைத்துப் பார்த்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டார்கள்.

பதிவு 12: கல்லோவியம்

எங்கள் விரிதாளில் 26 என்றிருந்த கட்டத்தை 25 ஆக்கி, ஒட்சிசனைக் கழிக்கும் நிரலை மொத்தத்துக்கு அருகே நகர்த்திவிட்டேன். ஐதரொட்சில் மிகுந்த மணிகளின் கல்சியம் 10-க்குத் திரும்பிவிட்டது. பழைய அட்டவணைகள் மூன்று ஆண்டுக்குரியவை கிடக்கின்றன. அவற்றை இனித்தான் திருத்த வேண்டும்.